அப்பத்தாவின் கைப்பக்குவம், ஐயாவின் கடைக்கணக்கு: பினாங்கில் குடும்பச் சமையலை எழுதி வைப்பது எப்படி?

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பினாங்கு கடைத்தெருவை ஒட்டிய சந்தில் பல பத்து வருடங்கள் சாப்பாட்டுக் கடை நடத்தினார். ராமநாதபுரத்துப் பக்கத்துச் சமையல். வாழை இலையில் மீன் தலைக்கறி, சுறாப்புட்டு, நண்டு ரசம், வெள்ளிக்கிழமை மட்டும் மரக்கறி. கடையை மூடி இருபது வருடம் தாண்டிவிட்டது. அந்தச் சமையலையும் கடையின் வரலாற்றையும் எழுதி வைக்க நான் கிளம்பியபோது எங்கே தொடங்குவது என்று சொல்லித்தர ஆள் இல்லை.

அதனால் தவறான இடத்தில் தொடங்கினேன். முதல் ஐந்து மாதம் அலுவலகங்களில் எண் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதிவெண், உரிமம், பழைய முகவரி என்று அலைந்தேன். ஐந்தாவது மாதத்தில் அப்பத்தாவுக்கு வாதம் வந்து பேச்சு நின்றுபோனது. கடை மசாலா முழுவதையும் வீட்டில் வறுத்து இடித்துக் கொடுத்தவர் அவர்தான். நான் தேடிப்போன பதிவுகள் இன்னும் அதே அலுவலகத்தில் அப்படியேதான் இருக்கின்றன. அப்பத்தாவிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ஆகவே கீழே நான் தரும் வரிசையை மாற்றாதீர்கள். ஆள் முதலில், வீட்டுத் தாள் அடுத்து, அலுவலகம் அப்புறம்.

1. இந்த வாரமே பெரியவர்களிடம் உட்காருங்கள்

ஒரு தாளில் பெயர்களை எழுதுங்கள். வயதில் மூத்தவர், உடம்பு முடியாதவர் முதலில். கடையில் நின்ற ஆண்களை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். கல்லாவில் உட்கார்ந்தவருக்குக் கடன் பாக்கி யார் யாரிடம் என்று தெரியும், மல்லியை எவ்வளவு நேரம் வறுத்தார்கள் என்பது தெரியாது. அது வீட்டில் வேலை செய்த அப்பத்தா, அத்தை, பெரியம்மாவுக்குத்தான் தெரியும். எங்கள் மீன் தலைக்கறி மசாலா கடைசியில் எனக்குக் கிடைத்தது சின்ன அத்தையிடமிருந்து. பன்னிரண்டு வயதில் அப்பத்தாவுக்கு மிளகாய் காம்பு கிள்ளிக் கொடுத்தவர் அவர்.

குடும்பத்துக்கு வெளியேயும் ஆள் இருக்கிறார்கள். தே கலக்கியவர், பாத்திரம் கழுவியவர், மீன் கொண்டுவந்து போட்டவர், பக்கத்துக் கடைச் சீனர். எங்கள் கடை எத்தனை மணிக்குத் திறந்தது, எந்த நாளில் கூட்டம் அதிகம் என்பதையெல்லாம் எதிர்வரிசைக் கோப்பிக்கடைக்காரர்தான் சரியாகச் சொன்னார். மலாயில் பேசினால் மலாயிலேயே பதிவு செய்யுங்கள். தமிழாக்கம் பிறகு.

ஒலிப்பதிவுக்குத் தனிக் கருவி தேவையில்லை, கைப்பேசி போதும். விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள். நடுவில் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகும். மின்விசிறியை நிறுத்துங்கள். பினாங்கு வெயிலில் கஷ்டம்தான், ஆனால் விசிறிச் சத்தத்தைப் பிறகு நீக்குவது அதைவிடக் கஷ்டம். தொடக்கத்திலேயே தேதி, இடம், பேசுபவர் பெயர் ஆகியவற்றை வாயால் சொல்லுங்கள். "இதைப் பதிவு செய்து குடும்பத்துக்காக வைத்துக்கொள்ளலாமா, பிறகு அச்சிடலாமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலும் அதே பதிவில் வரட்டும்.

ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் போதும். மூன்று மணி நேரம் உட்காரவைத்தால் அடுத்த தடவை கூப்பிடும்போது தலைவலி என்பார்கள். "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "கடையில் விளக்கு ஏற்றியது யார்?", "இலை எங்கிருந்து வந்தது?", "மீன் மிஞ்சினால் ராத்திரி என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மிஞ்சிய மீன் கேள்வியால்தான் எங்கள் வீட்டுப் புளிமீன் தொக்கு வெளியே வந்தது. அது கடைப்பட்டியலில் இருந்ததே இல்லை.

2. சமைக்கச் சொல்லி அளவெடுங்கள்

சமையல் குறிப்பை வாயால் கேட்டு எழுதாதீர்கள். இதில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாறுகிறார்கள். அத்தை வாயால் சொன்ன குறிப்பில் வெந்தயமே இல்லை. அடுப்பில் நின்றபோது கை தானாகப் போய் வெந்தயம் எடுத்தது. "அது எப்பவும் போடுறதுதானே, அதையுமா எழுதணும்?" என்றார்.

முப்பது, நாற்பது வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டைத்தான் இங்கே வெள்ளி என்போம்) ஒரு மின்னணுத் தராசு வாங்குங்கள். அவர் கையிலிருப்பதைப் பிடுங்கி எடை போட்டால் வேலையின் ஓட்டம் கெட்டு, அவரும் அளவை மாற்றிவிடுவார். சமைப்பதற்கு முன் ஒவ்வொரு டப்பாவையும் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல அள்ளிப் போடட்டும். முடிந்ததும் டப்பாக்களை மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அளவு. ஒரே பதார்த்தத்தை மூன்று தடவை, வேறு வேறு நாளில் சமைக்கச் சொல்லுங்கள். அத்தையின் மிளகாய்த்தூள் மூன்று தடவையும் 40 முதல் 46 கிராமுக்குள் நின்றது. புளி மட்டும் பழசுக்கும் புதுசுக்கும் தகுந்தபடி மாறியது. எது அசையாமல் நிற்கிறது, எது அசைகிறது என்று தெரிந்தால்தான் குறிப்பு உருப்படியாகும்.

நேரத்தை நிமிடக் கணக்கில் மட்டும் எழுதாதீர்கள். பச்சை வாசம் போவது, எண்ணெய் பிரிந்து ஓரம் கட்டுவது, கடுகு பொரிந்து அடங்குவது ஆகிய அடையாளங்களையும் எழுதுங்கள். கேஸ் அடுப்பில் பத்து நிமிடம் ஆவது விறகடுப்பில் ஆறு நிமிடமாக இருந்திருக்கும்.

பழைய அளவுகளில் சில பொறிகள் இருக்கின்றன. கட்டி என்றால் சுமார் 605 கிராம், அதில் பதினாறில் ஒரு பங்கு தாயில், சுமார் 38 கிராம். ஊரிலிருந்து வந்த பலம் சுமார் 35 கிராம். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் பெரியவர்கள் மாற்றி மாற்றிச் சொல்வார்கள், பரவாயில்லை. கந்தாங் என்பது 4.5 லிட்டரைச் சற்றே தாண்டும், சுப்பாக் அதில் கால்.

மோசமான பொறி பால்டின். "அரிசி நாலு டின்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அந்தக் காலத்து 14 அவுன்ஸ், அதாவது 397 கிராம் கெட்டிப்பால் டின்னில் சுமார் 300 மில்லி தண்ணீர் பிடிக்கும். இன்று கடையில் வாங்கும் 500 கிராம் டின்னில் 380 மில்லிக்கு மேல் பிடிக்கும். புது டின்னில் அளந்து நான் செய்த முதல் நெய்ச்சோறு களியானதற்குக் காரணம் அதுதான்: அரிசியை அத்தை பழைய டின்னில் அளந்து வைத்திருந்தார், தண்ணீரை நான் புது டின்னில் ஊற்றினேன். வீட்டில் துருப்பிடித்த பழைய டின் ஏதாவது கிடந்தால் தூக்கி எறியாதீர்கள். தண்ணீர் ஊற்றி அளந்து வையுங்கள்.

"பத்துக்காசுக்குக் கிராம்பு" என்று காசில் அளவு சொன்னால் அந்த இடத்தில் விலையைத் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சமைக்கவைத்து எடை போடுங்கள், போதும். காசுக் கணக்கையும் அடைப்புக்குறிக்குள் அப்படியே எழுதி வையுங்கள். அது கடையின் வரலாறு.

ஊர்ச் சமையலில் பினாங்கு எங்கே கலந்தது என்பதையும் தனியாகக் குறியுங்கள். எங்கள் குழம்பில் ரம்பை இலை ஊரில் கிடையாது, இங்கே வந்துதான் சேர்ந்தது. "இதுதான் அசல்" என்று அதை நீக்கிவிட்டால் கடையில் சாப்பிட்டவர்கள் நினைவில் வைத்திருக்கும் ருசி போய்விடும்.

3. வீட்டிலுள்ள தாள்களைத் திரட்டுங்கள்

தேட வேண்டியவை: கணக்குப் புத்தகம், வியாபாரப் பதிவுச் சான்றிதழ், உணவுக்கடை உரிமம், வாடகை ரசீது, வருமான வரிக் கடிதம், மின்சாரக் கட்டணம், திருமண அழைப்பிதழ், கப்பல் முத்திரை உள்ள பழைய கடப்பிதழ். சாமி அலமாரியில், தையல் மெஷின் டிராயரில், அரிசி வைக்கும் பீப்பாய்க்குப் பின்னால் எல்லாம் பாருங்கள். எங்கள் பேரேடு மூன்றும் சாமிப் படத்துக்குப் பின்னால் மஞ்சள் துணியில் கட்டிக் கிடந்தன. படங்களின் பின்பக்கத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, சில சமயம் மசாலாக் கணக்குக்கூட இருக்கும்.

கணக்கு ஏட்டில் புரியாத குறிகள் வந்தால் பயப்படாதீர்கள். ௶ என்றால் பற்று, ௷ வரவு, ௸ மேற்படி. எண்கள் ௧, ௨, ௩ என்று போய் ௰ பத்து, ௱ நூறு என வரும். தேதி ஆங்கில மாதத்தில் இல்லாமல் "விகிர்தி வருஷம் ஆவணி" என்று இருந்தால் அறுபது வருடச் சுற்றில் கணக்கிடுங்கள். பிரபவ 1927, மறுபடி 1987. விகிர்தி 1950 அல்லது 2010. ஐயா எழுதியது என்பதால் எங்களுக்கு 1950 என்று நிச்சயமானது. 1942 முதல் 1945 வரையான ஏடு உங்களிடம் இருந்து, அரிசி விலை திடீரென்று எங்கேயோ போனால் அது கூட்டல் பிழை இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் வெளியிட்ட வாழைமர நோட்டுக் காலம்.

இனி செய்யக்கூடாதவை. லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை கெடும், பிரிக்கவும் முடியாது. கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பழுப்புக் கறையாகும். ஸ்கேன் கடையில் ஏட்டை விட்டுவிட்டு வராதீர்கள். நான் ஒரு கடையில் விட்டுவிட்டு வந்தேன். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று முதுகுத் தையலை வெட்டி ஏடுகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தந்தார்கள். அந்தப் பேரேடு இன்று ஒரு கட்டுத் தாள். அதன்பிறகு மற்ற இரண்டையும் நானே ஜன்னல் வெளிச்சத்தில், கைப்பேசியை நேர் மேலே ஒரு தாங்கியில் வைத்துப் படமெடுத்தேன். 180 பக்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

தட்டையான தாள்களை ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ, படங்களுக்கு 600 டிபிஐ. மூலப்படியை டிஃப் வடிவிலும் வாட்ஸ்ஆப்பில் அனுப்ப ஒரு ஜேபெக் பிரதியும் வையுங்கள். வாட்ஸ்ஆப்பில் போனது தரம் குறைந்துதான் திரும்பி வரும், அதை மூலமாக வைத்துக்கொள்ளாதீர்கள். புதிய வெப்பத்தாள் ரசீதுகளை முதலில் எடுங்கள். அவை ஓரிரு வருடத்தில் வெளுத்துவிடும்.

பூச்சி அரித்த ஏடு என்றால் பிளாஸ்டிக் பையில் காற்று போகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள். உடனே திறந்தால் ஈரம் கோத்துக்கொள்ளும்.

4. கடையின் பதிவைத் தேடுங்கள்

இப்போதுதான் அலுவலகம். வியாபாரப் பதிவுகள் இன்று எஸ்எஸ்எம் என்னும் மலேசிய நிறுவன ஆணையத்திடம் இருக்கின்றன. 2002க்கு முன்பு இந்த வேலையைத் தனிப் பதிவலுவலகங்கள் பார்த்தன, ஆகவே வீட்டுச் சான்றிதழில் வேறு தலைப்பு இருந்தால் குழம்ப வேண்டாம். நீங்கள் தேட வேண்டியது போராங் டி என்ற பதிவுச் சான்றிதழ். அதில் பதிவெண், தொடங்கிய தேதி, உரிமையாளர் பெயர் இருக்கும். எண் தெரிந்தால் இணையத்திலேயே வியாபார விவரத்தாளை வாங்கலாம், செலவு பத்து வெள்ளியை ஒட்டித்தான் வரும்.

எண் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால்தான் அலைச்சல். தமிழ்ப் பெயரை அந்தக் காலத்து எழுத்தர் எப்படி எழுதினார் என்று தெரியாது. எங்கள் கடைப்பெயர் நான்கு விதமாக எழுதப்பட்டிருந்தது. போகுமுன் ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் எழுதிக்கொண்டு போங்கள். ஐயாவின் பழைய அடையாள அட்டை எண், இறப்புச் சான்றிதழ் நகல், உங்கள் பிறப்புச் சான்றிதழ், அப்பாவின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றையும் எடுத்துப்போங்கள். உறவை நிரூபிக்கச் சொன்னால் திரும்பி வர வேண்டியிருக்காது.

ஒன்றைத் தெளிவாக மனதில் வையுங்கள். கடைப்பெயரை மறுபடி உங்கள் பெயரில் பதிவு செய்தால் (வருடத்துக்கு 60 வெள்ளி) வியாபாரம் செய்ய அனுமதி கிடைக்குமே தவிர, அந்தப் பெயர் உங்களுக்கு மட்டுமே சொந்தம் ஆகாது. இதற்கு ஏழாம் படி இருக்கிறது.

5. முகவரியைச் சரிபாருங்கள்

பழைய தாளில் பிட் ஸ்ட்ரீட் என்றால் இன்றைய ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கிளிங்கின் பகுதி. கிரீன் லேன், ஜாலான் மஸ்ஜித் நெகிரி. மார்க்கெட் ஸ்ட்ரீட், லெபு பாசார். நம்மவர் வாயில் அதுவே கடைத்தெரு. பேட்டியில் யாரும் பலகையிலுள்ள பெயரைச் சொல்ல மாட்டார்கள், ஆகவே மூன்று பெயரையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள்.

ஜார்ஜ்டவுனில் இருந்த கடை 2000 வாக்கில் திடீரென்று இடம் மாறியிருந்தால் அல்லது மூடியிருந்தால் காரணத்தை முதலில் வாடகையில் தேடுங்கள். பழைய வீடுகளுக்கான வாடகைக் கட்டுப்பாடு 1999 இறுதியோடு முடிந்தது. எங்கள் வாடகை ஒரே வருடத்தில் பல மடங்கானது. அந்த வருடத்து வாடகை ரசீதும் வீட்டுக்காரர் கடிதமும்தான் எங்கள் கடை மூடிய கதைக்குச் சாட்சி. அவற்றைப் பத்திரப்படுத்துங்கள்.

6. பழைய நாளிதழ்கள்

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் தமிழ் முரசும் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் சொல் தேடல் அவ்வளவாக உதவாது. தீபாவளி, பொங்கல் வாரங்களின் இதழ்களை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். கடைக்காரர்கள் வாழ்த்து விளம்பரம் போட்டது அப்போதுதான். கையில் வருடம் இல்லாமல் இதில் இறங்கினால் கண்தான் வலிக்கும்.

7. பெயரையும் குறிப்பையும் காப்பது

"சமையல் குறிப்பையே பதிவு செய்து தருகிறேன்" என்று ஒருவர் என்னிடம் 1,500 வெள்ளி கேட்டார். கொடுக்காதீர்கள். பொருள்களின் பட்டியலுக்கும் அளவுக்கும் காப்புரிமை (காப்பிரைட்) கிடையாது. நீங்கள் எழுதிய வாக்கியங்கள், எடுத்த படங்கள், ஒலிப்பதிவு இவற்றுக்குக் காப்புரிமை தானாகவே உண்டு. மசாலா விகிதம் ரகசியமாக இருக்க வேண்டும் என்றால் ஒரே வழி, அதை அச்சிடாமல் இருப்பது. குடும்பத்தில் யாராவது இன்னும் அந்தத் தூளை விற்கிறார் என்றால் இதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

கடைப்பெயரைக் காக்க வணிகச் சின்னப் பதிவு இருக்கிறது. மைஐபிஓ என்ற அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் செய்ய வேண்டும். உணவகத்துக்கு 43ஆம் வகுப்பு, மசாலாத்தூளுக்கு 30ஆம் வகுப்பு. அவர்களுடைய ஆயத்தப் பட்டியலிலிருந்து விவரத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி, சொந்தமாக எழுதினால் 1,100. பதிவு பத்து வருடம் செல்லும், அதன்பிறகு புதுப்பிக்கலாம். பெயர்ப்பலகை தமிழ் எழுத்தில் இருந்தால் ஒலிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் சேர்த்துத் தர வேண்டும். நாங்கள் அதைத் தராமல் விட்டதால் கேள்விக் கடிதம் வந்து மூன்று மாதம் தள்ளிப்போனது. ஏற்றுக்கொண்டு வெளியிட்டபின் யாராவது ஆட்சேபிக்க இரண்டு மாத அவகாசம் உண்டு. எங்களுக்கு மொத்தம் பதினான்கு மாதம் ஆனது.

கட்டணம் கட்டுமுன் குடும்பத்துக்குள் எழுத்தில் ஒரு உடன்பாடு செய்யுங்கள். பெயர் யார் பெயரில் பதிவாகும், யார் பயன்படுத்தலாம், புத்தகம் விற்ற காசு யாருக்கு, எந்தக் குறிப்பை அச்சிடக்கூடாது. ஒரே பக்கம் போதும். எல்லாரும் கையெழுத்திட்டு, முப்பது நாளுக்குள் வருமான வரி வாரியத்தில் 10 வெள்ளி முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் பெரியப்பா பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லாமல் போனது. பெயரை நான் தனியாகப் பதியப் பார்க்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் முதலிலேயே போய் உட்கார்ந்து பேசியிருந்தால் அந்த மனவருத்தம் வந்திருக்காது.

8. நூலாகப் போடுவதானால்

ஐஎஸ்பிஎன் எண்ணை மலேசியத் தேசிய நூலகம் தருகிறது. அச்சுக்கு அனுப்புமுன் வாங்குங்கள். அச்சானபின் ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை நூலகத்துக்கு அனுப்புவது சட்டம். இதைச் சுமையாக நினைக்க வேண்டாம், உங்கள் குடும்பச் சமையலுக்கு அதைவிடப் பத்திரமான அலமாரி கிடைக்காது. நாங்கள் 120 பக்கத்தில் 100 பிரதி போட்டோம், 1,800 வெள்ளி ஆனது. வண்ணப்படங்களை நடுவில் ஒரே தொகுப்பாக வைத்ததால் செலவு குறைந்தது. அத்தையின் பேச்சைத் திருத்தி மேடைத்தமிழாக்காதீர்கள். "கொதி வந்ததும் இறக்கிரு" என்று அவர் சொன்னதை அப்படியே விட்டோம்.

9. எங்கே வைப்பது

மூன்று பிரதி: ஒன்று வீட்டு வன்தட்டில், ஒன்று மேகச் சேமிப்பில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில். எங்களுடையது கோலாலம்பூரில் தம்பி வீட்டில் இருக்கிறது. அசல் தாள்களை சிலிக்கா ஜெல் போட்ட மூடிய பெட்டியில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். வெள்ளம் வந்த வீடுகளில் முதலில் போனது கட்டிலுக்கடியில் வைத்த பெட்டிகள்தான். லெபு ஆச்சேயிலுள்ள ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் பழைய தொழில்களைப் பற்றிய பதிவுகளில் அக்கறை உள்ள இடம். அங்கே பேசிப் பாருங்கள், ஆனால் முதலில் நகலை மட்டும் கொடுங்கள். அசலைக் கொடுப்பதானால் எழுத்தில் ரசீதும், திரும்பப் பார்க்கும் உரிமையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

வணிகச் சின்னத்தையும் நூலையும் சேர்க்காமல் எனக்கு ஆன செலவு 600 வெள்ளிக்குள். தராசு, வன்தட்டு, பெட்டி, விவரத்தாள், போக்குவரத்து எல்லாம் அதில் அடக்கம். நாள் குறிக்கும்போது தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முறுக்குப் பிழிகிறவரிடம் பேட்டி எடுக்க முடியாது.

வன்தட்டை வாங்கி வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் தைப்பூச விடுமுறையில் தண்ணீர்மலைக்குப் போய்வந்ததும் அதைச் செருகி, ஏதாவது ஐந்து ஒலிப்பதிவைத் திறந்து கேட்கிறோம். போன தடவை ஒன்று திறக்கவில்லை. தம்பி வீட்டுப் பிரதியிலிருந்து அன்று ராத்திரியே மாற்றிக்கொண்டோம்.